பிள்ளையோடு மற்றவர் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்: தடை உத்தரவு வாங்கும் வழி

கணவன் மனைவிக்குள் பேச்சு முறிந்து, ஒருவர் பிள்ளையை அழைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ பெங்களூருக்கோ குடிபோகப் போகிறார் என்று காதில் விழுந்தால், கையில் இருப்பது சில நாட்கள்தான். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் இரண்டு மணி நேரம் போதும். அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் இருக்கிறது. பிள்ளைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோனால் திருப்பி அனுப்ப வகைசெய்யும் 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது நெடிய வழக்கு. போகாமல் நிறுத்துவது அதைவிடச் சுலபம். கீழே சொல்வது தகப்பனுக்கும் தாய்க்கும் பொதுவானது. தாய்க்கு மட்டும் உள்ள ஒரு வழியை அதற்குரிய இடத்தில் சொல்கிறோம்.

1. எந்த ஊர் கோர்ட் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

செட்டிநாட்டுக் குடும்பங்கள் அதிகம் இடறி விழுவது இங்கேதான். ரேஷன் கார்டும் ஆதாரும் பூர்வீக வீட்டு விலாசத்தில் இருக்கும்; பிள்ளை படிப்பதோ சென்னையில். காரைக்குடியில் மனுப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே "இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை" என்று எழுந்து நிற்பார். காப்பாளர் மற்றும் காப்புரிமையர் சட்டம், 1890-இன் 9-ஆம் பிரிவு பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளை சாதாரணமாக எங்கே வசிக்கிறது? சொந்த ஊர் எது, வீடு யார் பேரில் என்பதெல்லாம் அங்கே கணக்கில்லை. திருவிழாவுக்கும் பள்ளி லீவுக்கும் வந்து தங்கியதை வசிப்பிடமாகக் காட்ட முடியாது.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, திருமயம், இராயவரம், அரிமளம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருந்தால் கோர்ட்டும் மாறும், பாஸ்போர்ட் அலுவலகமும் மாறும். உங்கள் எல்லைக்குக் குடும்ப நீதிமன்றம் இருந்தால் மனு அங்கே. இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றம். மேலே போக வேண்டிவந்தால் இரண்டு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான்.

பிள்ளையை ஏற்கெனவே வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்களா? அப்படியானால் ஒரு நாளும் வீணாக்காதீர்கள். புது ஊரில் பள்ளியில் சேர்த்து மாதங்கள் ஓடிவிட்டால், அந்த ஊரே வசிப்பிடம் என்ற வாதத்துக்கு நீங்களே வழிவிட்டதாகிவிடும்.

2. எந்தச் சட்டத்தின் கீழ் மனு

விவாகரத்தோ சேர்ந்து வாழக் கோரும் மனுவோ ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவில் அதே வழக்கில் ஐ.ஏ. (இடைக்கால மனு) போடலாம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் 43-ஆம் பிரிவு (நீதிமன்றப் பிரிவினை வழக்கானால் 41-ஆம் பிரிவு), சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கு அதன் 38-ஆம் பிரிவு.

எந்த வழக்கும் இல்லை, விவாகரத்தும் வேண்டாம், பிள்ளை போகாமல் இருந்தால் போதும் என்றால் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி மனு. இதைத்தான் கோர்ட் வளாகத்தில் "கார்டியன் ஓ.பி." என்பார்கள் (ஓ.பி. என்றால் மூல மனு). எல்லா மதத்தினருக்கும் இது பொருந்தும். கூடவே 12-ஆம் பிரிவின் கீழும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 39, பிரிவு 151 ஆகியவற்றின் கீழும் இடைக்காலத் தடைக்கு ஒரு ஐ.ஏ. போட வேண்டும். ஓ.பி. முடிய வருடக்கணக்கில் ஆகலாம். உங்களைக் காப்பது ஐ.ஏ.தான். மனுவை எழுதும்போது உழைப்பையெல்லாம் ஓ.பி.யில் கொட்டிவிட்டு ஐ.ஏ.வை அரைப்பக்கத்தில் முடிப்பது பல இடங்களில் நடக்கிறது. அது தலைகீழான வேலை.

தாய்க்கு மட்டும் உள்ள வழி: வீட்டில் வன்முறை இருந்தால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். 21-ஆம் பிரிவில் பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பையும், 18-ஆம் பிரிவில் பாதுகாப்பு உத்தரவையும் கேட்கலாம். முதல் விசாரணையைச் சாதாரணமாக 3 நாளுக்குள் வைக்க வேண்டும் என்கிறது சட்டம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயந்து தாய்வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம் என்பது இதில் பெரிய வசதி.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி எழுதி வாங்கிய முச்சலிக்கை கோர்ட் உத்தரவு ஆகாது. அதைக் காட்டி விமான நிலையத்தில் யாரையும் நிறுத்த முடியாது. சமாதானமாகப் பேசி முடிக்க விருப்பமிருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்து வாங்குங்கள். அங்கே எழுதப்படும் தீர்வு கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம்.

3. கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு மூன்று செட் நகல் எடுங்கள்: கோர்ட்டுக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. எதிர்மனுதாரர் கூடினால் செட்டும் கூடும்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், இருவரின் ஆதார், பிள்ளையின் பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகல் ஆகியவை அடிப்படை. பாஸ்போர்ட் எதிர்த்தரப்பின் கையில் இருந்தால் பழைய விசா விண்ணப்பம், டிக்கெட் மெயில் ஆகியவற்றில் எண்ணைத் தேடுங்கள். திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் கல்யாணப் பத்திரிகை, புகைப்படம், நகரத்தார் வீடுகளில் கல்யாணத்தின்போது எழுதும் ஒப்பந்த ஏடான இசைகுடிமானம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஆனால் அவை துணைச் சான்றுகள்தான். பிறப்புச் சான்றிதழில் அப்பா அம்மா பெயர் இருப்பதே இந்த மனுவுக்கு முதுகெலும்பு.

அடுத்தது வசிப்பிடத்துக்கான சான்று. பள்ளியிலிருந்து படிப்புச் சான்றிதழ், கட்டண ரசீதுகள், வேன் கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, குழந்தை மருத்துவரின் சீட்டுகள். அப்பத்தாவும் ஐயாவும்தான் வளர்த்தார்கள் என்ற பிரமாணப் பத்திரத்தைவிட, பள்ளி டைரியில் இரண்டு வருடமாக யார் கையெழுத்து இருக்கிறது என்பது நீதிபதியின் கண்ணில் கனமாகப் படும்.

மூன்றாவதுதான் மனுவின் உயிர்: கிளம்பப் போகிறார் என்பதற்கான ஆதாரம். வேலை ஆஃபர் கடிதம், விசா விண்ணப்பம், டிக்கெட், புது ஊரில் வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ், டி.சி. கேட்டுப் பள்ளியில் கொடுத்த கடிதம், "பசங்களை அங்கேயே சேர்த்துடுவேன்" என்ற வாட்ஸ்அப் செய்தி. இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் "போய்விடுவார் என்று அஞ்சுகிறேன்" என்று மட்டும் எழுதினால், நோட்டீஸ் அனுப்பச் சொல்லி ஒரு மாதத்துக்குத் தள்ளிவைக்க வாய்ப்பு அதிகம். வாட்ஸ்அப் அச்சுப்படியோடு பாரதிய சாக்ஷிய சட்டம் 63(4)-இன்படிச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஏ பகுதி உங்களுடையது, பி பகுதி நிபுணருடையது. செய்தி வந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மற்றவரின் போனைத் திறந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட் உங்களுக்கே வினையாகலாம். உங்களுக்கு வந்த செய்திகளே போதும்.

4. மனுவில் கேட்க வேண்டியதை வரி வரியாகக் கேளுங்கள்

"பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது" என்று ஒற்றை வரியில் வாங்கிய உத்தரவு பயன்பாட்டுக்கு வரும்போது நழுவிவிடும். எங்கிருந்து? எங்கே? யார்? இவற்றுக்கெல்லாம் உத்தரவிலேயே பதில் இருக்க வேண்டும். கோரிக்கைகளைத் தனித்தனி எண்ணிட்டு எழுதச் சொல்லுங்கள்:

பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்ணைக் குறிப்பிட்டு, கோர்ட் அனுமதியின்றி இந்தக் கோர்ட்டின் எல்லையைவிட்டு வசிப்பிடத்தை மாற்றக் கூடாது. இந்தியாவைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. இதைத் தனி வரியாகக் கேளுங்கள், முதல் கோரிக்கை மறுக்கப்பட்டாலும் இது நிற்கும். எதிர்மனுதாரர் மட்டுமின்றி அவர் சார்பாக யாரும் கொண்டுபோகக் கூடாது. தாத்தா பாட்டியோடு அனுப்பிவைத்துவிட்டு "நான் கொண்டுபோகவில்லை" என்று சொன்னவர்கள் உண்டு. பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். புதிய பாஸ்போர்ட்டோ 'தொலைந்துவிட்டது' என்று மாற்றுப் பாஸ்போர்ட்டோ வாங்கக் கூடாது. உத்தரவு நகலைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் குடிவரவுத் துறைக்கும் அனுப்ப வேண்டும்.

பிள்ளை சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிறந்து அந்நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், நம் பாஸ்போர்ட் அலுவலகம் அதில் கை வைக்க முடியாது. கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவும் குடிவரவுத் துறைக்குத் தகவலும்தான் உங்கள் பிடி.

மாற்றுக் கோரிக்கை ஒன்றும் கட்டாயம் சேருங்கள்: ஊர் மாறுவதானால் 60 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும், புது விலாசமும் பள்ளிப் பெயரும் தர வேண்டும், தினசரி வீடியோ அழைப்பு, லீவில் பாதி நாள். பிள்ளையோடு இல்லாத பெற்றோருக்குத் தினமும் 5 முதல் 10 நிமிடமாவது வீடியோ அழைப்பு கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. தடை முழுதாகக் கிடைக்காத வழக்குகளில் கடைசியில் கையில் மிஞ்சுவது இந்த மாற்றுக் கோரிக்கைதான்.

5. தாக்கல் செய்யும் நாள்

காலை பத்துக்குள் வக்கீலும் குமாஸ்தாவும் செக்‌ஷனில் இருக்க வேண்டும். பேப்பரில் சின்னக் குறை இருந்தாலும் 'ரிட்டர்ன்' போட்டுவிடுவார்கள். சரிசெய்து திரும்பக் கொடுத்து நம்பர் ஆவதற்குள், அதாவது வழக்கு எண் ஏறுவதற்குள், வாரம் ஓடிவிடும். அடிக்கடி ரிட்டர்ன் ஆகும் காரணங்கள்: பக்க எண் இல்லை, பிள்ளையின் வயதுச் சான்று இல்லை, பிரமாணப் பத்திரத்தில் அத்தாட்சி இல்லை, எதிர்மனுதாரர் விலாசத்தில் பின்கோடு இல்லை. கோர்ட்டில் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெளியே யாராவது வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகக் கிடைப்பதில்லை. அனுமதி மனு ஒன்று கொடுக்க வேண்டும். வழக்கமாக அனுமதிப்பார்கள், ஆனால் மனு கொடுக்க மறந்தால் அன்றைய நாள் போச்சு.

விமான டிக்கெட் கையில் இருந்தால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே உத்தரவு தரும்படி அவசர மனுவாகச் சொல்லலாம். அப்படித் தந்தால் கட்டளை 39, விதி 3-இன்படி மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் எதிர்த்தரப்புக்கு உடனே அனுப்பிவிட்டு, அன்றோ மறுநாளோ அனுப்பியதற்குப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, அந்த ஒரே காரணத்தால் உத்தரவை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பேட்டாவையும், அதாவது நோட்டீஸைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டணத்தையும், அன்றே கட்டுங்கள். பேட்டா கட்டாவிட்டால் நோட்டீஸ் கொண்டுபோகும் கோர்ட் ஊழியரான அமீனா நகரமாட்டார்.

எதிர்த்தரப்பு உங்களுக்கு முன்பே கோர்ட்டுக்குப் போகக்கூடும் என்று தோன்றினால், என்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்னும் கேவியட் மனுவைப் போட்டு வையுங்கள். 90 நாள்தான் செல்லும். முடிந்தால் புதிதாகப் போட வேண்டும்.

6. உத்தரவு கிடைத்த அன்றே செய்ய வேண்டியது

கோர்ட் போட்ட தடை தானாகத் திருச்சிக்குப் பயணம் போகாது. வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள்தான் அதிகம் ஏமாந்தவர்கள்.

அன்றே நகல் மனுப் போட்டு, சான்றிட்ட நகல் குறைந்தது ஐந்து கேளுங்கள். அது வரும்வரை ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணை வைத்து உத்தரவு ஏறியிருக்கிறதா என்று பார்த்து அச்செடுத்து வையுங்கள்.

முதல் நகல் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு. விமான நிலையத்தில் பிள்ளையை நிறுத்த லுக் அவுட் சர்க்குலர் (நாட்டைவிட்டு வெளியேறும்போது தடுக்கச் சொல்லும் சுற்றறிக்கை) வேண்டும். அதைக் குடிவரவுப் பணியகத்திடம் கேட்கும் அதிகாரம் எஸ்.பி. நிலை அலுவலருக்குத்தான் உண்டு, உள்ளூர் காவல் நிலையத்துக்கு இல்லை. நேரில் கொடுத்துத் தபால் பிரிவில் முத்திரை வாங்குங்கள். அவர்கள் தயங்கினால் குடிவரவுத் துறைக்கு நேரடியாக உத்தரவிடும்படி அதே கோர்ட்டிலோ மதுரைக் கிளையிலோ மனுச் செய்ய வேண்டிவரும். ஒரே விமான நிலையத்துக்குச் சொன்னால் போதாது. திருச்சியில் தடுத்தால் மதுரை, சென்னை, கொச்சி இருக்கின்றன.

இரண்டாவது நகல் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு. சிவகங்கை மாவட்டத்தவருக்கு மதுரை, புதுக்கோட்டை மாவட்டத்தவருக்குத் திருச்சி. மூன்றாவது பள்ளித் தலைமையாசிரியருக்கு, நான்காவது மகளிர் காவல் நிலையத்துக்கு. அங்கே மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

பள்ளி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டி.சி. கொடுக்காவிட்டால் பிள்ளை நகராது என்று நம்ப வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.

உத்தரவில் "அடுத்த வாய்தா வரை" என்று இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அந்த வாய்தாவில் நீட்டிப்பைக் கேட்டு வாங்காவிட்டால் மறுநாளிலிருந்து தடை இல்லை. நீதிபதி லீவு, வக்கீல்கள் புறக்கணிப்பு, இடமாற்றம் எது நடந்தாலும் நீட்டிப்பு எழுதப்பட்டதா என்று நீங்களே பார்க்க வேண்டும்.

7. உத்தரவுக்கு முன்பே பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஒரு கடிதம்

மைனர் பாஸ்போர்ட்டுக்கு அப்பா அம்மா இருவரும் சம்மதப் படிவமான இணைப்பு டி-யில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் சம்மதம் கிடைக்காதபோது மற்றவர் இணைப்பு சி-யில் உறுதிமொழி தந்து விண்ணப்பிக்க இடமுண்டு, ஓட்டை அங்கேதான். பிள்ளையின் பெயர், பிறந்த தேதியைக் குறிப்பிட்டு, "என் சம்மதமின்றிப் பாஸ்போர்ட் வழங்க ஆட்சேபிக்கிறேன், வழக்கு தாக்கலாகிறது" என்று பிறப்புச் சான்றிதழ் நகலோடு அனுப்புங்கள். வெறும் ஆட்சேபத்தை வைத்துக் காலத்துக்கும் நிறுத்தமாட்டார்கள். உத்தரவு வாங்கும்வரை மூச்சுவிட இடம் கிடைக்கும், அவ்வளவே. முன்பு எப்போதோ நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்று இணைப்பு டி வீட்டில் கிடந்தால் அதையும் கடிதத்தில் சொல்லி ரத்து செய்யுங்கள்.

8. செலவு

கோர்ட் கட்டணம், பேட்டா, நகல் கட்டணம் மூன்றும் சிறு தொகை. காசு போவது வக்கீல் கட்டணத்திலும் அலைச்சலிலும். மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவா, ஐ.ஏ.வுக்குத் தனியா, மதுரைக்குப் போனால் யார் ஆஜராவார் என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு இருக்கிறது. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்; உதவி எண் 15100.

9. மே மாதம்

உரிமையியல் கோர்ட்டுகளுக்கு மே மாதம் கோடை விடுமுறை. பிள்ளைகளுக்கும் அதே மாதம்தான் லீவு. ஊரை மாற்ற நினைப்பவர்கள் ஏப்ரல் கடைசித் தேர்வு முடிந்து ஜூன் பள்ளி திறப்பதற்குள் மாற்றுவார்கள். உங்களுக்குச் சந்தேகம் பங்குனியிலேயே வந்திருந்தால் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் மனு நம்பர் ஆகிவிட வேண்டும். தவறிவிட்டால் விடுமுறைக்கால நீதிபதியிடம் அவசர மனு. அதற்கு ஏன் முன்பே வரவில்லை என்ற விளக்கமும் தேவைப்படும்.

10. எதிர்த்தரப்பு என்ன சொல்லும்

"வேலை மாறுதல், பிள்ளைக்கு நல்ல பள்ளி, அங்கே என் உறவினர் இருக்கிறார்கள்." இவை உண்மையாக இருந்தால் கோர்ட் காது கொடுக்கும். 2020-இல் சிங்கப்பூருக்கு வேலை மாறிய ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிப்போக உச்ச நீதிமன்றமே அனுமதித்திருக்கிறது. ஐந்து வயதுக்குள் இருந்தால் சாதாரணமாகத் தாயிடமே என்பது இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலன். ஆகவே "என் உரிமை" என்று பேசும் மனு தோற்கும். படிப்பு நடுவில் அறுகிறது, சிகிச்சை தொடர்கிறது, வாராவாரம் பார்த்த பெற்றோர் திடீரென்று இல்லாமல் போகிறார் என்று பிள்ளையின் பக்கம் நின்று பேசும் மனு நிற்கும். சென்னைக்கோ கோவைக்கோ போவதை அடியோடு தடுப்பது கடினம். வெளிநாட்டைத் தடுப்பது அதைவிட எளிது. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள்.

விவரம் தெரிந்த வயதென்றால் நீதிபதி பிள்ளையை அறைக்கு அழைத்துப் பேசுவார். சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள், இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

அனுமதி கிடைக்கும் போக்கு தெரிந்தால் நிபந்தனைகளுக்குப் போராடுங்கள்: பிணைத் தொகை, திரும்பும் டிக்கெட், போகும் நாட்டுக் கோர்ட்டில் இதே நிபந்தனைகளோடு 'மிரர் ஆர்டர்'. அதை வாங்கினாலும் சரிபார்க்க வேண்டும். கென்யா தொடர்பான ஒரு வழக்கில் மிரர் ஆர்டரை நம்பி 2020-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த அனுமதி, மோசடி தெரிந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது.

11. மீறினால், அல்லது போயே விட்டால்

தடையை மீறினால் கட்டளை 39, விதி 2ஏ-இன்படி சொத்து ஜப்தி, 3 மாதம் வரை சிவில் சிறை. உத்தரவு அவருக்குச் சேர்ந்ததற்கான சான்று இல்லாமல் இது நடக்காது. அதற்குத்தான் அந்தத் தபால் ரசீது. உத்தரவு இல்லாத நிலையில் காவல் நிலையம் போனால் "பெத்த பிள்ளையைத்தானே கூட்டிப்போயிருக்காங்க, சிவில் மேட்டர்" என்பார்கள். அதிலே தப்பும் இல்லை. பெற்றவர்மேல் கடத்தல் வழக்கு எளிதில் நிற்காது.

இந்தியாவுக்குள் பிள்ளையை ஒளித்துவைத்தால் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். பிள்ளையை வைத்திருப்பது சட்டப்படி செல்லாது என்று காட்ட முடிந்தால்தான் அது எடுபடும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையில் ஏற்கெனவே கோர்ட் உத்தரவு இருந்தால் அதைக் காட்டுவது பாதி வேலை.

நாட்டைவிட்டுப் போய்விட்டால் அந்த நாட்டு வக்கீல் மூலம் அங்குள்ள கோர்ட்டில்தான் மனு. சிங்கப்பூர் ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறது, மலேசியா இல்லை. இந்தியா சேராததால் சிங்கப்பூரிலும் அந்த வழி உங்களுக்குத் திறக்காது. அப்போதும் இங்கே வாங்கிய உத்தரவின் சான்றிட்ட நகலும், பள்ளி ஆவணங்களும், பிள்ளை கடைசியாக வசித்த இடத்துக்கான சான்றுகளும் அங்கே தேவைப்படும். 3-ஆம் படியில் சேர்த்த கோப்பின் மூலத்தைக் கொரியரில் அனுப்பாதீர்கள்; நோட்டரி அத்தாட்சி பெற்ற நகலை அனுப்புங்கள். பிள்ளையை எந்தக் காரணத்துக்கும் பள்ளி வாசலிலிருந்து நீங்களே தூக்கிக்கொண்டு வராதீர்கள். அன்று வரை உங்கள் பக்கம் இருந்த கோப்பு முழுவதும் மறுநாள் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்.